பின்னால் வரும் வண்டி

அத்தியாயம் ஏழு

கான்சஸில் அன்று பொழுது விடிந்தபோது, மார்லிஸ் தன் கணவனோடு முகம் கொடுத்துப் பேசிப் பதினாலு மணி நேரம் ஆகியிருந்தது.

அதற்காக வாயே திறக்கவில்லை என்று இல்லை. "காப்பி இருக்கு" என்றாள். "ம்" என்றார் வெர்லின். "கேஸை மூடிட்டியா?" என்றார். "ம்" என்றாள். நாற்பத்து மூன்று வருடக் கல்யாணத்தில் இந்த அளவு பேச்சை வைத்துக்கொண்டே ஒரு வாரம் குடும்பம் நடத்திவிடலாம்.

நேற்று மாலை சலைனா ஊர் டிரெய்லர் முகாமில் நடந்ததுதான் காரணம். டிரெய்லர் வீட்டை வெர்லின் பின்னுக்குத் தள்ளி நிறுத்த, மார்லிஸ் பின்னால் நின்று கை காட்டினாள். இருட்டப் போகும் நேரம், கண்ணில் தூறும் பனி. ஓரமாக இருந்த மின்பெட்டியில் டிரெய்லரின் மூலை லேசாக உரசிவிட்டது.

"கண்ணு எங்கே வெச்சிருக்கே நீ?" என்று வெர்லின் போட்ட சத்தத்தில், அடுத்த வண்டியிலிருந்து ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

அதுகூடப் போகட்டும். பத்து நிமிடம் கழித்து, அவள் தங்கை டோரீனின் டிரெய்லரை உள்ளே விட அதே வெர்லின் பின்னால் நின்றார். டோரீன் நான்கு முறை கோணல்மாணலாக வந்தாள். ஒரு குப்பைத் தொட்டியையே சாய்த்தாள்.

"அவசரமே இல்ல டோரி. இன்னும் கொஞ்சம் இடது. மெதுவா. அவ்வளவுதான். அழகு!"

அழகு. அந்தச் சொல்லைத்தான் மார்லிஸ் ராத்திரி முழுக்க மென்றுகொண்டிருந்தாள்.

டோரீனை இந்தப் பயணத்துக்கு அழைத்ததே அவள்தான். அதை நினைத்தால்தான் இன்னும் எரிந்தது. போன பிப்ரவரியில் டோரீனின் கணவன் கர்ட்டிஸ் இறந்துபோனான். நவம்பரில், நன்றி நாள் விருந்தில், தங்கை தட்டில் இருந்த வான்கோழியைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மார்லிஸுக்கு மனது கேட்கவில்லை. "எங்களோட டெக்சஸுக்கு வாயேன்டி. நார்த் டகோட்டாக் குளிர்ல தனியா என்ன பண்ணப் போறே? கர்ட்டிஸ் வாங்கின புது டிரெய்லர் சும்மாத்தானே நிக்குது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னது அவள் வாய்தான்.

அன்று வெர்லின் தலையைத் தூக்காமல் உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டிருந்தார். "உங்க இஷ்டம்" என்றார்.

இப்போது மூன்றாம் நாள். முன்னால் இவர்கள் வண்டி, பின்னால் அவள் வண்டி.

"இன்னிக்கு நான் டோரீனோட போறேன்" என்றாள் மார்லிஸ், காப்பிக் கோப்பையைத் துடைத்தபடி.

வெர்லின் பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதை நிறுத்தினார். "எதுக்கு?"

"பேச்சுத் துணைக்கு."

"யாருக்குப் பேச்சுத் துணை?"

"எனக்கு" என்று சொல்லிவிட்டு மார்லிஸ் மேலங்கியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். படியில் பனி உறைந்து கிடந்தது. வழக்கமாக, பார்த்து இறங்கு என்பார். இன்று சொல்லவில்லை.

*

டோரீனின் பிக்கப் வண்டியில் இருக்கைகூடச் சூடாகும். மார்லிஸ் அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் ரசித்தாள். அறுபத்து நாலு வயதில் டோரீன் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு ஓட்டினாள். முப்பது வருடம் சொந்தமாக முடி அலங்காரக் கடை வைத்திருந்தவள். தலையில் ஒரு முடி கலையவில்லை. மார்லிஸ் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றவே இல்லை.

"லெஃப்ஸா இருக்கு, எடுத்துக்கோ. சர்க்கரை தடவியிருக்கேன்" என்றாள் டோரீன்.

மார்லிஸ் அந்த உருளைக்கிழங்கு ரொட்டியை ஒரு கடி கடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு ஜோடி வாக்கி-டாக்கி. வெர்லின் வாங்கியது. நேற்று வரை மார்லிஸ் முன்வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தாள். "டோரி, வலது பக்கம் வேலி மேல பாரு, பருந்து." "டோரி, அடுத்த பாலத்துல பனி இருக்கும், வேகத்தைக் குறை." "டோரி, பசிக்குதா?" பத்து நிமிடத்துக்கு ஒரு முறை டோரி. பக்கத்தில் இருப்பவளுக்குப் பசிக்குமா என்று கேட்க எந்தக் கருவியும் வேண்டாம். அதனால்தானோ என்னவோ, கேட்கவில்லை.

இன்று அந்தக் கருவி டோரீனின் வண்டியில், கோப்பை வைக்கும் குழியில், செத்த எலி மாதிரி கிடந்தது. இருபது மைல். நாற்பது மைல். விச்சிட்டா ஊர் வந்து, போய்விட்டது.

"என்ன உன் புருஷன் இன்னிக்கு ஊமையாயிட்டான்?" என்று டோரீன் சிரித்தாள். "நேத்தெல்லாம் தொண தொணன்னு வந்தானே. ரேடியோவே போட வேண்டியதில்லாம இருந்துச்சு."

"பருந்து ஒண்ணும் தட்டுப்படல போல" என்றாள் மார்லிஸ்.

டோரீன் ஓரக்கண்ணால் பார்த்தாள். "கோவமா இருக்கியா?"

"எனக்கென்ன கோவம்?"

"மார்லி, உன்னைப் பொறந்ததுல இருந்து பாக்கறேன். உன் மூக்கு சிவந்திருக்கு."

"குளிர்."

"வண்டிக்குள்ளயா?"

மார்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அறுத்த கோதுமை வயல்களில் காற்று பனியைப் பெருக்கிக்கொண்டு போனது. கேட்கக் கூடாது என்று நினைத்தாள். நாற்பத்து மூன்று வருடம் கேட்காமல் இருந்தவளுக்கு இன்னொரு நாள் இருக்க முடியாதா?

முடியவில்லை.

"நீயும் அவனும் எத்தனை நாள் பழகினீங்க?"

"யாரு?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

டோரீன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். "ஒரு கோடைக்காலம். நாலு டான்ஸ், ஒரு கண்காட்சி. அது உனக்கும் தெரிஞ்சதுதானே. அப்புறம்தான் நான் கர்ட்டிஸோட போக ஆரம்பிச்சேனே. வெர்லின் கேட்டான், நான் மாட்டேன்னேன், கதை முடிஞ்சுது. இப்ப எதுக்கு அது?"

"என்ன கேட்டான்?"

"என்ன, என்ன கேட்டான்?"

"நீதானே சொன்னே, அவன் கேட்டான்னு. என்ன கேட்டான்?"

டோரீன் நாவால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன் மார்லி. இத்தனை வருஷத்துல அவன் சொல்லியிருப்பான்னு நினைச்சேன்."

நாலு டான்ஸ் என்றுதான் மார்லிஸுக்குத் தெரியும். நாலு டான்ஸை மன்னித்துத்தான் கல்யாணம் செய்துகொண்டாள். இது வேறு. கல்யாணத்துக்கே கேட்டிருக்கிறார்.

"எப்போ?"

"ஆகஸ்ட்ல. கண்காட்சி முடிஞ்ச ராத்திரி. குதிரைக் கொட்டகைக்குப் பின்னாடி."

ஆகஸ்ட். அக்டோபரில் வெர்லின் மார்லிஸை முதன்முதலாக வெளியே அழைத்துப் போனார். கிறிஸ்துமஸுக்கு மோதிரம் போட்டார். மே மாதம் கல்யாணம்.

"மோதிரம் வெச்சிருந்தானா?"

"விடேன் மார்லி."

"வெச்சிருந்தானா?"

"பெட்டியைத் திறந்து காட்டினான்."

"எப்படி இருந்துச்சு?"

டோரீன் சாலையையே பார்த்தாள். அவள் காது மடல் சிவந்துவிட்டது.

மார்லிஸ் இடது கையின் கையுறையை விரல் விரலாக உருவினாள். சின்ன நீலக் கல், இரண்டு பக்கமும் இலை போட்ட மோதிரம். வந்த முதல் வாரமே விரலில் இறுக்கியது. அளவு தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று வெர்லின் வெட்கப்பட்டார். நகைக்கடையில் கொடுத்துப் பெரிதாக்கினார்கள். அவளுக்கு விரல் தடி. டோரீனுக்குத்தான் ஒல்லி விரல்.

அந்தக் கையைத் தங்கையின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இதுவா?"

டோரீன் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. சாலை அங்கே ஒரு நீண்ட சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. எழுபது மைல் வேகம். பக்கவாட்டில் ஒரு ராட்சத லாரி உறுமிக்கொண்டு கடந்தது. லாரி அடித்த காற்றில் பின்னால் இருந்த டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் இழுத்தது.

"ஐயோ" என்றாள் டோரீன்.

டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, அப்புறம் மீன் மாதிரி. அது ஒவ்வொரு தடவை வீசும்போதும் பிக்கப்பின் பின்புறம் சேர்ந்து வழுக்கியது.

"பிரேக் போடாதே!" என்று மார்லிஸ் கத்தினாள். "டோரீன், காலை எடு! பிரேக்ல வைக்காதே! ரெண்டு பெடல்லயும் வைக்காதே!"

"முடியலடி, முடியல..."

"காலை எடுடி!"

டோரீன் காலை எடுத்தாளோ, பயத்தில் அதுவே வந்துவிட்டதோ. மார்லிஸ் இருக்கைப் பட்டையோடு முன்னால் பாய்ந்தாள். ஸ்டியரிங்குக்குக் கீழே டிரெய்லருக்கு மட்டும் தனியாகப் பிரேக் பிடிக்கும் சின்னக் கைப்பிடி ஒன்று இருக்கும். வெர்லின் அதைத் தொட்டு அவள் நூறு முறை பார்த்திருக்கிறாள், ஒரு முறைகூடத் தொட்டதில்லை. அதைப் பிடித்து அழுத்தினாள். விட்டாள். மறுபடி அழுத்தினாள்.

பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி நேரானது. இன்னும் இரண்டு ஆட்டம். அப்புறம் ஓரம், சரளைக்கல், நின்றது.

டோரீனின் முடி அப்போதும் கலையாமல் இருந்தது.

*

முன்னால் அரை மைல் தள்ளி வெர்லினின் வண்டி நின்றது. அவர் இறங்கி ஓடி வந்தார். அறுபத்தொன்பது வயது, வலது முட்டியில் போன வருடம்தான் அறுவை சிகிச்சை. மின்கம்பம் ஏறி ஏறியே தேய்ந்த முட்டி. அந்த மனிதர் சாலை ஓரத்தில், எதிர்க்காற்றில், மேலங்கியைக்கூடப் பூட்டாமல் ஓடி வருவதை மார்லிஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

எந்தப் பக்கக் கதவுக்கு வருவார்? அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தாள் என்பதற்குப் பிற்பாடு வெட்கப்பட்டாள்.

ஓட்டுநர் பக்கம் வந்தார்.

"டோரி! அடி பட்டுச்சா? என்னைப் பாரு. என்னைப் பாரு டோரி. மூச்சு விடு." அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "சமாளிச்சுட்டே. ரொம்ப நல்லா சமாளிச்சே."

"நான் ஒண்ணும் பண்ணல" என்று டோரீன் அழத் தொடங்கினாள். "மார்லிதான். மார்லிதான் கையால பிடிச்சா."

அப்போதுதான் வெர்லின் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவர் மூச்சு வெள்ளையாக வந்தது.

"நீ நல்லா இருக்கியா?" என்றார். கை இன்னும் தங்கையின் தோளில் இருந்தது.

"நல்லா இருக்கேன்" என்றாள் மார்லிஸ். "பின்னாடி கதவைத் திற. எடை எங்கே இருக்குன்னு பாக்கணும்."

எடை எங்கே இருக்கிறது என்று அவளுக்கு முன்பே தெரியும். கிளம்பும் அன்றே பார்த்தாள். டோரீனின் டிரெய்லரில், கட்டிலுக்குப் பின்னால், வால் பக்கத்து மூலையில், கர்ட்டிஸின் இரும்புக் கருவிப் பெட்டி. இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத சிவப்புப் பெட்டி. டெக்சஸில் அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அது பக்கத்தில் இருந்தால் கர்ட்டிஸ் இருக்கிற மாதிரி இருக்கும் என்றாள் டோரீன். இருக்கட்டும் என்றார் வெர்லின். மார்லிஸின் தையல் மெஷினை மட்டும் "எடை கூடும்" என்று அதே மனிதர் வீட்டுத் திண்ணையிலேயே இறக்கி வைத்தார்.

இருவருமாக ஒவ்வொரு கருவியாக எடுத்து, வெளியே சுமந்து போய், பிக்கப்பின் பின்தட்டில் போட்டார்கள். டோரீன் வண்டிக்குள்ளேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பின்னாடி எடை ஏத்தினா டிரெய்லர் வாலாட்டும்னு உனக்குத் தெரியும்" என்றாள் மார்லிஸ்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"புருஷனோட சாமான். எப்படிச் சொல்றது?"

"என்கிட்ட சொன்னியே."

"உன்கிட்ட சொல்லலாம். நீ தாங்குவே."

மார்லிஸ் கையில் இருந்த பெரிய ஸ்பேனரைத் தட்டில் போட்டாள். அது போட்ட சத்தம் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"ஆகஸ்ட் மாசம் குதிரைக் கொட்டகைக்குப் பின்னாடி அவளைக் கேட்டியா?"

கடந்துபோன ஒரு லாரியின் காற்று இருவரையும் ஒரு அடி தள்ளியது.

"யார் சொன்னா?"

"யாரைக் கேட்டியோ அவதான்."

"மார்லி..."

"கேட்டியா?"

"கேட்டேன்."

"இது அந்த மோதிரமா?"

அவர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"இல்லைன்னு சொல்லு" என்றாள் மார்லிஸ். அவள் குரல் அவளுக்கே சிறுபிள்ளைக் குரலாகக் கேட்டது. "அது வேற, இது வேறன்னு ஒரு வார்த்தை சொல்லு. நம்பிட்டுப் போறேன்."

"கடைக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டான்" என்றார் வெர்லின்.

இந்த மனிதருக்கு ஒரு பொய்கூடச் சொல்ல வராது! சிரிப்பு வந்துவிடுமோ என்று மார்லிஸ் பயந்தாள். சிரிப்பு இல்லை, அழுகைதான் வந்தது. அதையும் காற்றின் தலையில் போட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"எனக்கு அப்போ இருபத்தஞ்சு வயசு" என்றார் அவர். "முட்டாள். உன்னைப் பாத்த அப்புறம் அந்த மோதிரத்துல எனக்கு நீதான் தெரிஞ்சே. சத்தியமா."

"அவகிட்ட பேசும்போது உன் குரலே வேற மாதிரி இருக்கு. அது உனக்குத் தெரியுமா?"

"அவ எதுக்கெடுத்தாலும் ஒடிஞ்சு போறா. பயந்து பயந்து பேச வேண்டியிருக்கு. உன்கிட்ட எனக்குப் பயம் இல்ல."

"இனிமே இருக்கட்டும்" என்றாள் மார்லிஸ். "கொஞ்சம் பயப்படு."

*

டோரீனுக்குக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்த காப்பி பாதி அவள் மடியில் சிந்தியது. அவளால் இனி ஓட்ட முடியாது என்பது மூவருக்கும் தெரிந்தது. அவள் வண்டியை வெர்லின்தான் ஓட்ட வேண்டும்.

"அப்போ நம்ம வண்டி?" என்றார் வெர்லின்.

"நான் ஓட்டறேன்."

"நீயா? டிரெய்லரோட நீ ஓட்டினதே இல்லையே."

"பிரேக் பிடிச்சதும் இல்ல, இன்னிக்கு வரைக்கும்."

வெர்லின் மனைவியின் முகத்தைப் பார்த்தார். சாவியைக் கொடுத்தார்.

"டோரீன், நீ என்னோட வா" என்றாள் மார்லிஸ்.

டோரீன் போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "நான் இங்கயே இருந்துக்கறேன் மார்லி. இடம் மாற உடம்புல தெம்பு இல்ல. சீட்டு சூடா இருக்கு."

சூடாகத்தான் இருக்கும்.

மார்லிஸ் அரை மைல் தனியாக நடந்து தங்கள் வண்டிக்குப் போனாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடிகளைச் சரிசெய்தாள். சாவியைத் திருப்பினாள்.

ஓக்லஹோமாவுக்குள் நுழைந்ததும் பனி குறைந்து சிவப்பு மண் தெரியத் தொடங்கியது. முதல் பத்து மைல் அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. பின்னால் மூன்று டன் வீட்டை இழுத்துக்கொண்டு போவது, பள்ளிக்கூடச் சமையலறையில் சூப்பு அண்டாவை நகர்த்துவது மாதிரிதான் என்று இருபதாவது மைலில் கண்டுபிடித்தாள். அவசரப்படக் கூடாது, நிறுத்த நினைப்பதற்கு முன்பே நிறுத்தத் தொடங்க வேண்டும். இருபத்தாறு வருடம் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவளுக்கு அது கைவந்த விஷயம். ஒரு லாரியை அவளே முந்தினாள். தனக்குத்தானே "அழகு" என்று சொல்லிப் பார்த்தாள்.

ஆனால் கண்ணாடி இருந்ததே.

பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரிந்தது. அதன் முன் கண்ணாடிக்குள் இரண்டு தலைகள். முகம் தெரியாது, ஜாடை தெரியும். ஒரு தலை மற்றதின் பக்கம் திரும்பும். அப்புறம் அது இதன் பக்கம் திரும்பும். பேசிக்கொண்டே வருகிறார்கள். என்ன பேசுகிறார்கள்?

வாக்கி-டாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது பேசவில்லை. நேற்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பேசியது இன்று ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. இப்போது அதற்கு என்ன வேலை? பேச வேண்டியவர்கள் இருவரும் ஒரே வண்டியில் அல்லவா இருக்கிறார்கள்.

ஓக்லஹோமா நகரம் தாண்டியதும் பொத்தானை அவளே அழுத்தினாள்.

"வலது பக்கம் வேலி மேல பருந்து" என்றாள்.

கொரகொரவென்று சத்தம். அப்புறம் டோரீனின் குரல், அழுது ஓய்ந்த குரல், கொஞ்சம் சிரிப்புகூடக் கலந்திருந்தது. "எங்கே? எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே!"

எங்களுக்கு.

மார்லிஸ் கருவியை அணைத்தாள். சாலை நேராக இருந்த ஓர் இடத்தில், வலது கையால் அந்த மோதிரத்தைச் சுழற்றிக் கழற்றப் பார்த்தாள். கணு வீங்கியிருந்தது. வரவில்லை.

*

ஆர்ட்மோர் ஊர் முகாமை அடைந்தபோது மணி நாலரை. வெயில் இன்னும் இருந்தது. பின்னுக்குத் தள்ள வேண்டாத, நேராக உள்ளே போய் நேராக வெளியே வரக்கூடிய இடமாகக் கேட்டு வாங்கி, மார்லிஸ் ஒரே முயற்சியில் நிறுத்தினாள். இறங்கி நடந்து பார்த்தாள். சக்கரம் இரண்டும் கோட்டுக்குள் சுத்தமாக இருந்தன. காட்டுவதற்கு ஆள் இல்லை. டீசல் போட வழியில் ஒதுங்கிய பின்வண்டி இன்னும் வந்து சேரவில்லை.

சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, வண்டிக்குள்ளிருந்து போன் மணி அடித்தது. வெர்லினின் போன். அவசரத்தில் டாஷ்போர்டு மேலேயே விட்டுப் போயிருக்கிறார்.

திரையில் டெக்சஸ் முகாம் மேலாளர் எல்வீராவின் பெயர். எட்டு வருடமாக அவர்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் இடம். மார்லிஸ் எடுத்தாள்.

"ஹலோ, எல்வீரா? நான் மார்லிஸ்."

"அடடே, மார்லிஸா! எங்கே வந்திருக்கீங்க? இங்கே எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க. சரி சரி, வெர்லின்கிட்ட சொல்லிடுங்க, ரெண்டு இடமும் ரெடி. அறுபத்தொண்ணு உங்களுது, அறுபத்திரண்டு உங்க தங்கச்சியோடது. அவர் சொன்னபடியே எல்லாம் பண்ணியாச்சு. நடுவுல நின்னுதே காகிதப்பூ வேலி, அதையும் வேரோட எடுத்தாச்சு. இப்போ ரெண்டு இடமும் ஒரே முற்றம் மாதிரி இருக்கு!"

அந்தக் காகிதப்பூச் செடியை ஐந்து வருடத்துக்கு முன் நட்டது மார்லிஸ். போன மார்ச்சில் கிளம்பும்போது அது அவள் உயரத்துக்கு வளர்ந்து, சிவப்பாகக் கொட்டிக் கிடந்தது.

"எடுக்கச் சொன்னது... அவரா?"

"ஆமாம். போன் பண்ணினப்பவே சொன்னாரே. நல்லவேளை, சீக்கிரமா பதிவு பண்ணினார். நவம்பர்ல கேட்டிருந்தா பக்கத்து இடம் கிடைச்சிருக்காது."

"எப்போ பண்ணினார் எல்வீரா?"

காகிதம் புரளும் சத்தம். "செப்டம்பர். செப்டம்பர் பன்னெண்டு. உங்க தங்கச்சி பேர்லயே போட்டிருக்கு. டோரீன்தானே?"

மார்லிஸ் டிரெய்லரின் படியில் உட்கார்ந்தாள்.

நவம்பர் கடைசி வியாழக்கிழமை. வான்கோழி. தொடாத தட்டு. 'எங்களோட வாயேன்டி.' அவள் கேட்பதற்கு இரண்டு மாதம் முன்பே இடம் போட்டாகிவிட்டது. உங்க இஷ்டம் என்று சொல்லி உருளைக்கிழங்கைப் பிசைந்தவருக்கு அது தெரியும். அப்போது டோரீனுக்கு? அன்று ஒரு வாய் சாப்பிடாமல், அக்கா எப்போது கேட்பாள் என்றுதான் அவள் உட்கார்ந்திருந்தாளா?

ஒரு வேளை டோரீனுக்கு எதுவுமே தெரியாதோ? அது இன்னும் மோசமா, இல்லை பரவாயில்லையா?

"மார்லிஸ்? இருக்கீங்களா?"

"இருக்கேன்." குரல் நிதானமாக வந்தது. அதுவே அவளுக்கு ஆச்சரியம். "எல்வீரா, ஒரு மாத்தம். என் தங்கச்சிக்கு அறுபத்திரண்டு வேண்டாம். வேற வரிசையில குடுங்க."

"வேற வரிசையா? இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். நூத்திப் பதினெட்டு. துணி துவைக்கிற அறைக்குப் பின்னாடி, குப்பைப் பெட்டிகளுக்குப் பக்கத்துல. யாரும் கேக்க மாட்டாங்க அதை. நிச்சயமாவா?"

முகாம் வாசலில் டோரீனின் வண்டி திரும்பியது. வெர்லின் ஓட்டினார். பக்கத்தில் டோரீன் எதையோ சொல்லி, அவர் சிரித்தார். இந்த மூன்று நாளில் அவர் பல் தெரியச் சிரித்து மார்லிஸ் பார்க்கவில்லை.

"நிச்சயமா" என்றாள். "அதையே போட்டுடுங்க. அறுபத்திரண்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க. இன்னிக்கே."

வைத்தாள். எழுந்து போய், போனை இருந்த இடத்திலேயே, டாஷ்போர்டு மேல், இருந்த கோணத்திலேயே வைத்தாள்.

வெர்லின் இறங்கி, நொண்டிக்கொண்டே வந்தார். டிரெய்லர் நின்ற விதத்தைச் சுற்றிப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார்.

"மார்லி" என்றார். கொஞ்சம் பயந்த குரல். டோரியிடம் பேசும் அந்தக் குரல். "பிரமாதமா நிறுத்தியிருக்கே."

காலையில் அந்தச் சொல் காதில் விழுந்திருந்தால் அதற்காக அவள் எதையும் கொடுத்திருப்பாள்.

அவர் பார்வை அவளைத் தாண்டி வண்டிக்குள் போனது. "யார் போன்ல? பேசிக்கிட்டிருந்தியே."

நாற்பத்து மூன்று வருடத்தில் மார்லிஸ் தன் கணவனிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். இவ்வளவு சுலபம் என்று தெரியாது.

"ராங் நம்பர்" என்றாள்.